பிள்ளை பிடிக்கும் சனிக்கிழமை

சின்ன வயதில் சாப்பிட அடம்பிடித்தால் எங்கள் ஆச்சி, “பிள்ளை பிடிக்கிறவன் வாரான்” என்று பயமுறுத்துவாள். அப்படி ஓர் உத்தியோகம் நிஜமாகவே உண்டு, அதற்குச் சம்பளமும் காரும் பயணப்படியும் உண்டு என்பது 1998 ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் படிக்க வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வந்து இறங்கிய ஊர் நாக்ஸ்வில். டென்னசி மாநிலத்தின் கிழக்குப் பகுதி, ஸ்மோக்கி மலைகளுக்குப் பக்கம், ஆற்றங்கரை ஊர். படிப்பு முடிந்து பக்கத்து ஓக் ரிட்ஜில் வேலை கிடைத்ததால் அப்படியே தங்கிவிட்டேன்.

வந்த மறு மாதம், செப்டம்பர் 19, சனிக்கிழமை இரவு. அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மைதானத்திலிருந்து எழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டென்னசி பல்கலைக்கழகம் ஃப்ளோரிடாவை 20-17 என்று கூடுதல் நேரத்தில் வென்றிருந்தது. ஜனம் மைதானத்துக்குள் இறங்கி கோல்போஸ்டைப் பிடுங்கிவிட்டது. மறுநாள் ஆய்வகத்தில் உடன் படித்த உள்ளூர்ப் பையன், “இனி பாரு, நாட்டில் உள்ள நல்ல பையன் எல்லாம் இங்கேதான் வருவான்” என்றான். எந்தப் பையன், எதற்கு வருவான் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த அணி அந்த சீசனில் 13 ஆட்டமும் ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனது. அவன் சொன்னதை அன்று வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். 27 வருடம் கழித்து அதில் பாதியைக்கூட நம்ப மாட்டேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஃபுட்பால் என்றால் உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாதவனைத் தொழில்முறை லீக் சேர்த்துக்கொள்ளாது. ஆக, 18 வயதுக்கும் 21 வயதுக்கும் நடுவே அவனுக்குக் கல்லூரியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. நம் ஊரில் விளையாட்டுக் கோட்டாவில் இடம் கேட்டு அப்பாக்கள் சான்றிதழ்க் கட்டோடு கல்லூரி வாசலில் நிற்பார்கள் அல்லவா, இங்கே தலைகீழ். கல்லூரிப் பயிற்சியாளர்தான் பையன் வீட்டு வாசலில் நிற்பார். இதற்கு ‘ரெக்ரூட்டிங்’ என்று பெயர். நான் ஆச்சியின் சொல்லையே வைத்துக்கொண்டேன்.

டென்னசி அணிக்கு ‘வாலண்டியர்ஸ்’ என்று பெயர், செல்லமாக ‘வால்ஸ்’. நேலண்ட் மைதானத்தில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்தால் நம் பாஷையிலும் அந்தப் பெயர் பொருந்தும் என்பீர்கள். 1921இல் 3,200 பேர் உட்காரும் படிக்கட்டோடு தொடங்கிய இடம் அது. 1926இல் ராபர்ட் நேலண்ட் என்ற ராணுவ அதிகாரி தலைமைப் பயிற்சியாளர் ஆனார். பின்னாளில் அவர் பெயரையே மைதானத்துக்கு வைத்தார்கள். இன்று 1,01,915 பேர் கொள்ளும். ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம் என்பதால் படகிலேயே வந்து கட்டிவிட்டு ஆட்டம் பார்க்கிறவர்களும் உண்டு.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் மைதானத்தின் ஓரத்தைக் கவனிக்க வேண்டும். கழுத்தில் அட்டை தொங்க, புதுச் சட்டையில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்பது ஐம்பது பையன்கள் நிற்பார்கள். அவர்கள்தான் பிடிக்கப்பட வேண்டிய பிள்ளைகள். பின்னால் அம்மா, அப்பா, சில சமயம் பாட்டி. அவர்கள் பெயரை ஸ்கோர்போர்டில் போடக்கூடாது. கையெழுத்துப் போடும்வரை பயிற்சியாளர் எந்தப் பையனைப் பற்றியும் வெளியில் வாய் திறக்கக்கூடாது. விதிப் புத்தகம் நம் பஞ்சாங்கத்தை விடச் சிக்கல். பேசலாம் என்று ஒரு காலம், பார்க்கலாம் ஆனால் பேசக்கூடாது என்று ஒரு காலம், எதுவுமே கூடாது என்று ஒரு காலம். ராகு காலம், எமகண்டம் பார்த்து வளர்ந்த எனக்கு அது மட்டும் சுலபமாகப் பிடிபட்டது.

2022 அக்டோபர் 15. அலபாமா வந்திருந்தது. அந்த அணியிடம் டென்னசி தொடர்ந்து 15 வருடம் தோற்றிருந்தது. என் மகள் பிறந்ததிலிருந்து ஒரு வெற்றி பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு முழங்கால் வலி என்பதால் அவருடைய சீசன் டிக்கெட்டில் துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். அலுமினிய ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னை ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார், நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொல்லியும். 49-49 என்று நிற்கிறது, கடைசி விநாடிகள். சேஸ் மெக்ராத் 40 கஜத்திலிருந்து உதைத்த பந்து, அடிபட்ட வாத்து மாதிரித் தள்ளாடிக்கொண்டே போய்க் கம்பத்தைத் தாண்டி விழுந்தது. 52-49. முழங்கால் வலிக்காரர் எனக்கு முன்னால் படி இறங்கி ஓடினார்.

அலபாமாவை வென்றால் சுருட்டு பற்றவைப்பது வழக்கம். இந்தப் பழக்கத்தைத் தொடங்கியது எதிர் முகாம்: 1961இல் அலபாமா அணியின் உடற்பயிற்சி வைத்தியராக இருந்த ஜிம் கூஸ்ட்ரீ என்பவர். இதில் வேடிக்கை, அவர் டென்னசியில் படித்தவர். அன்று இரவு சுருட்டுப் புகையில் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. கோல்போஸ்டைப் பிடுங்கி ஊர்வலமாகக் கொண்டுபோய் ஆற்றில் போட்டார்கள். பெரியவர் மைதானத்துப் புல்லில் உள்ளங்கை அகலம் பெயர்த்து காபி கோப்பையில் வைத்து எடுத்துவந்தார். டென்னசி ஆடும் கல்லூரி லீக் ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. புதுக் கோல்போஸ்ட் வாங்கப் பணம் தாருங்கள் என்று பல்கலைக்கழகம் ரசிகர்களிடமே கேட்டது. பிடுங்கியவர்களே கொடுத்தார்கள், ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல்.

மறுநாள் காலை முதல் ஊர் முழுக்க ஒரே பேச்சு, ‘மொமென்டம்’. காற்று நம் பக்கம் வீசுகிறது, இப்போதே தூற்றிக்கொள்ள வேண்டும், ஓரத்தில் நின்ற பையன்கள் இதைப் பார்த்துவிட்டு வேறெங்கே போவார்கள்? பெட்ரோல் பங்க், முடிதிருத்தும் கடை, அலுவலக லிஃப்ட் எங்கே போனாலும் இதுதான். 1998இல் கேட்ட அதே வாக்கியம்.

நடந்தது என்ன? அந்த வருடம் டென்னசி பிடித்த ஆகப் பெரிய மீன் நிக்கோ இயாமலேவா, கலிஃபோர்னியாக்காரன், பந்தை எறியும் குவாட்டர்பேக். அவன் வருகிறேன் என்று சொன்னது 2022 மார்ச்சில், கோல்போஸ்ட் ஆற்றுக்குப் போவதற்கு ஏழு மாதம் முன்பு. அந்தச் சமயத்தில் பத்திரிகையில் வெளியான ஓர் ஒப்பந்தத்தின் மதிப்பு 80 லட்சம் டாலர் வரை போகும் என்று இருந்தது. பெயர் இல்லாத ஒப்பந்தம்தான், ஆனால் யாருடையது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அலபாமாவை வென்ற ஐந்தாம் வாரம் டென்னசி, சவுத் கரோலினாவிடம் 63-38 என்று உதை வாங்கியது. டிசம்பர், பிப்ரவரி கையெழுத்துகள் முடிந்து, பிடித்த பிள்ளைகளை வைத்துக் கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தியபோது டென்னசி பத்தாவது இடத்தை ஒட்டி இருந்தது. முதலிடம் யாருக்கு என்கிறீர்கள்? அன்று தோற்றுப் போன அலபாமாவுக்கு.

பெரிய வெற்றிக்கும் பிள்ளைகள் வருவதற்கும் நேர்க்கோடு போட முடியாது என்பதற்கு அலபாமாவின் கதையே போதும். 2007இல் நிக் சேபன் அங்கே பயிற்சியாளராக வந்த முதல் வருடம் 7 வெற்றி, 6 தோல்வி. அதில் ஒன்று, சொந்த மைதானத்தில் லூசியானா-மன்ரோ என்ற சின்னக் கல்லூரியிடம். அந்த அவமானத்துக்கு மூன்று மாதம் கழித்து, 2008 பிப்ரவரியில் சேபன் பிடித்த கூட்டத்தில் ஜூலியோ ஜோன்ஸ், மார்க் இங்ரம், மார்செல் டேரியஸ், டான்டா ஹைடவர் எல்லாம் உண்டு. நாட்டிலேயே முதல் தரம் என்றார்கள். அடுத்த சீசனுக்கு அடுத்த சீசன் அவர்கள் தேசிய சாம்பியன்கள். அந்தப் பையன்கள் மன்ரோ ஆட்டத்தைப் பார்த்துவிட்டா வந்தார்கள்? சமையலறையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, மூன்று வருடத்தில் உங்கள் மகன் என்ன ஆவான் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு வந்தார்கள்.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று. 1970 செப்டம்பர் 12, பர்மிங்ஹாம். அலபாமா அணியில் அன்றுவரை வெள்ளையர் மட்டும்தான் ஆடினார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த யுஎஸ்சி அணியில் சாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பின ஆட்டக்காரர் ஓடிய ஓட்டத்தில் 42-21 என்று அலபாமா சொந்த மண்ணில் தோற்றது. அந்த ஒரே இரவில் தெற்கு மாநிலங்களின் மனம் மாறியது, அதன்பின்தான் கறுப்பினப் பையன்களைப் பிடிக்க ஆரம்பித்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவருக்கு அலபாமா அதற்கு முன்பே உதவித்தொகை கொடுத்துச் சேர்த்திருந்தது. முதலாண்டு மாணவர்கள் ஆடக்கூடாது என்ற விதி இருந்ததால் அன்று அவர் ஆட்டத்தைப் பார்க்கத்தான் முடிந்தது. டென்னசியில் லெஸ்டர் மெக்ளெய்ன் 1968லேயே ஆடிவிட்டார். வேலை முன்பே நடந்திருந்தது. பெயர் மட்டும் அந்த இரவுக்குப் போனது.

பிள்ளை பிடிக்கும் தொழிலுக்கு வயது நூற்றுக்கு மேல். 1896இல் மேற்கு வர்ஜீனியாவில் படித்துக்கொண்டிருந்த ஃபீல்டிங் யோஸ்ட், லாஃபயெட் கல்லூரிக்கு ஒரே ஒரு ஆட்டத்துக்கு ‘மாறி’னார். 36 ஆட்டம் தொடர்ந்து தோற்காத பென்சில்வேனியாவை லாஃபயெட் 6-4 என்று வென்றது. யோஸ்ட் திரும்பிப் போய்விட்டார். பின்னாளில் மிஷிகனில் பெரிய பயிற்சியாளர் ஆனார், யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. 1929 அக்டோபரில் கார்னகி அறக்கட்டளை கல்லூரி விளையாட்டைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்று வெளியிட்டது. ஆட்டக்காரப் பையன்களுக்கு ரகசியச் சம்பளம், பெயருக்கு ஒரு வேலை, முன்னாள் மாணவர்கள் கைமாற்றும் பணம் என்று எல்லாம் அதில் இருந்தது. அதே மாதம் பங்குச்சந்தை விழுந்ததில் நாட்டுக்கு வேறு கவலை வந்துவிட்டது. 1948இல் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ ‘புத்தி தெளிவு விதி’ என்ற அர்த்தம் வரும் பெயரில் ஒரு சட்டம் போட்டு, மூன்றே வருடத்தில் அதைக் கைவிட்டது. 1956இலிருந்து படிப்புச் செலவு முழுவதையும் விளையாட்டுக்காகவே கொடுக்கலாம் என்றார்கள். அதற்கு மேல் ஒரு சல்லிக்காசு கூடாது. கரும்பு தின்னக் கூலியா என்பது அவர்கள் வாதம். கரும்பு ஆலை யாருடையது என்று அறுபது வருடம் யாரும் பலமாகக் கேட்கவில்லை.

கூலி கொடுத்தவர்கள் மாட்டிக்கொண்டதும் உண்டு. மெம்ஃபிஸில் ஒரு பள்ளிப் பயிற்சியாளருக்கு ஒன்றரை லட்சம் டாலர் கொடுத்து ஒரு பையனை அலபாமாவுக்குத் தள்ளிவிட்டதாக ஒரு பணக்காரர் மேல் வழக்கு. 2005இல் குற்றம் நிரூபணம் ஆனது. இந்த விவகாரத்தில் விசாரணைக்குத் தகவல் கொடுத்தவர் டென்னசியின் பயிற்சியாளர் பிலிப் ஃபுல்மர். 2004இல் லீக் நடத்திய பத்திரிகையாளர் கூட்டத்துக்காக அலபாமா மண்ணில் கால் வைத்தால் சம்மன் கொடுத்துவிடுவார்கள் என்று நாக்ஸ்வில்லில் இருந்தபடியே தொலைபேசியில் பேசி, 10,000 டாலர் அபராதம் கட்டினார். டென்னசியும் யோக்கியம் கொண்டாட முடியாது. 2021 ஜனவரியில் பயிற்சியாளர் ஜெரமி ப்ரூயிட்டை வேலையை விட்டு நீக்கினார்கள். பார்க்க வந்த பையன்கள், குடும்பங்களின் ஹோட்டல், சாப்பாட்டுச் செலவு என்று விதிக்குப் புறம்பாகச் சுமார் 60,000 டாலர். என்சிஏஏ 2023 ஜூலையில் போட்ட அபராதம் 80 லட்சம் டாலருக்கு மேல். முதல் தரக் குற்றங்கள் மட்டும் பதினெட்டு.

சாப்பாட்டுச் செலவு என்றதும் எனக்கு ஒரு ஏப்ரல் மாதம் ஞாபகம் வருகிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். பெரியவரின் பேரன் பள்ளியில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தான். கல்லூரிகளிலிருந்து வந்த கடிதங்களை ஷூ பெட்டியில் போட்டு வைத்திருந்தார். பாதிக்கு மேல் அச்சுக் கையெழுத்து; எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, மை கலைந்தால் அசல் என்று தனியாக எடுத்து வைப்பார். தெற்கே ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம், வசந்தகாலப் பயிற்சி ஆட்டம் பார்க்க வரச் சொன்னது. பையனின் அம்மா மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வந்திருந்தாள், பெரியவருக்கு நெடுந்தூரம் ஓட்ட முடியாது. காரை நான் ஓட்டினேன். சொந்தச் செலவில் போகும் பயணம் அது. கல்லூரி ஒரு வேளைச் சோறுகூட வாங்கித் தரக்கூடாது என்பது அன்றைய விதி. என் மனைவி எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொடுத்திருந்தாள். வாகன நிறுத்துமிடத்தில் காரின் டிக்கியைத் திறந்து வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

உதவிப் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். பையன் தோளைத் தட்டிவிட்டு நேராக அம்மாவிடம் போனார். பாட்டிக்கு முழங்கால் ஆபரேஷன் எப்படி ஆயிற்று என்று கேட்டார். அவர் சட்டைப் பையில் ஒரு சிறு அட்டை துருத்திக்கொண்டிருந்தது, அதில் பேனாவால் ஏழெட்டு வரி. அத்தனை வீட்டு முழங்காலும் அதில் இருந்திருக்கும். “உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தரக்கூட எனக்கு அனுமதி இல்லைம்மா” என்கிற தோரணையில் கையை விரித்துச் சிரித்தார். அந்த நேரம் மைதானத்தில் ஒரு பையன் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அம்மா அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்தப் பையனுடைய உதவித்தொகை என்ன ஆகும்?” என்று கேட்டாள். “நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்றார் அவர். 1973இலிருந்து உதவித்தொகை வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற காகிதம்தான். பல வருடத்துக்குச் சேர்த்துக் கொடுக்கலாம் என்ற விதி 2012இல்தான் திரும்பி வந்தது. எந்தக் காகிதம் என்று அவள் மறுபடி கேட்டாள். அவர் அதற்கும் பார்த்துக்கொள்வோம் என்றார்.

பையன் அந்தக் கல்லூரிக்கே வருகிறேன் என்று வாய்ச்சொல் கொடுத்தான். வாரம் இரண்டு தடவை தொலைபேசி வந்தது. அக்டோபரில் அந்தக் கல்லூரி, சொந்த மைதானத்தில், தன்னைவிடப் பல படி மேலே இருந்த ஓர் அணியை வென்றது. பெரியவர் வீட்டில் கேக் வெட்டினார்கள், எனக்கும் ஒரு துண்டு வந்தது. அதன்பின் தொலைபேசி வாரம் ஒன்றாயிற்று, பிறகு பதினைந்து நாளைக்கு ஒன்று, நன்றி அறிதல் பண்டிகைக்குப் பிறகு நின்றுபோனது. பெரிய வெற்றிக்குப் பிறகு அவர்களுக்குப் பெரிய மீன் மாட்டியிருந்தது. இவன் இருந்த இடத்துக்கு இன்னும் இரண்டு அங்குலம் உயரமான ஒருவன். இத்தொழிலில் ஒரு பெரிய வெற்றி யாரை உள்ளே இழுக்கிறது என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். யாரை வெளியே தள்ளுகிறது என்று எண்ணி நான் பார்த்ததில்லை. பிப்ரவரி முதல் புதன்கிழமைதான் அப்போது நாடெங்கும் பையன்கள் மேசையில் கல்லூரித் தொப்பிகளை வரிசையாக வைத்து, சேரப்போகும் கல்லூரியின் தொப்பியைத் தலையில் போட்டுக்கொள்ளும் நாள். கையெழுத்துக் காகிதம் அப்போதெல்லாம் ஃபேக்ஸில்தான் போகும். ஃபேக்ஸ் இயந்திரத்துக்கு எதிரே கேமரா வைத்து நேரலை காட்டிய கல்லூரிகள் உண்டு. எங்கள் தெருப் பையன் அன்று கணக்குப் பரீட்சை எழுதப் போனான். பிறகு மலைப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் சேர்ந்து படித்தான். இப்போது பள்ளியில் கணக்கு வாத்தியார். சாயங்காலம் ஃபுட்பால் பயிற்சியும் கொடுக்கிறான்.

ஆக, பெரிய வெற்றியால் ஒரு பயனும் இல்லையா? உண்டு. என் கணக்கில் அது பிடிப்பது பையன்களை அல்ல, பணம் வைத்திருக்கும் பெரியவர்களை. கோல்போஸ்டுக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தவர்கள், அதற்கு மேலும் கொடுப்பார்கள். 2021 ஜூலை 1 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனபின் ரசிகர் பணத்துக்கு நேர்வழி கிடைத்தது. 2024 பிப்ரவரியில் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்கள் தொடுத்த வழக்கில் ஒரு நீதிபதி, சேருவதற்கு முன்பே பேரம் பேசுவதற்கு இருந்த தடையையும் நிறுத்தி வைத்தார். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே தன் வருமானத்திலிருந்து ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கலாம், முதல் வருட உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். ஷூ பெட்டிக் கடிதக் காலம் முடிந்தது. இதைக் கேடுகாலம் என்று புலம்புகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அந்த அம்மா கேட்ட காகிதத்தை இப்போது ஒரு வக்கீல் மேசையில் வைத்துக் கேட்க முடிகிறது.

2024 அக்டோபரில் டென்னசி மறுபடியும் அலபாமாவை இங்கே வென்றது, 24-17. அன்று பந்தை எறிந்தவன் நிக்கோ. மறுபடி சுருட்டு, மறுபடி ‘மொமென்டம்’. 2025 ஏப்ரலில் பணப் பேச்சு முறிந்து அவன் கலிஃபோர்னியாவுக்கே, யுசிஎல்ஏவுக்குப் போய்விட்டான். பெரியவர் ஒரு வாரம் வாசலில் கொடி ஏற்றவில்லை. காபிக் கோப்பைப் புல்லை அவர் தொட்டிக்கு மாற்றியிருந்தார். குளிருக்கு என் கறிவேப்பிலைச் செடியோடு அதையும் எங்கள் வீட்டுக்குள்தான் வைக்கிறோம்.

அலபாமா ஆட்டம் இரட்டைப்படை வருடங்களில் நாக்ஸ்வில்லில் நடக்கும், அக்டோபர் மாத நடுவில். இந்தப் பக்கம் வர வாய்த்தால் இரண்டு மணி நேரம் முன்னதாக உள்ளே போய்விடுங்கள். ஓரத்தில் அட்டை மாட்டி நிற்கும் பையன்கள் ஸ்கோர்போர்டையும் கூட்டத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களை விடுங்கள். பின்னால் நிற்கும் அம்மாக்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள்.